புதுநன்மைக்குத் தைத்தது

வெள்ளைத் துணியைத் தொடுவதற்கு முன் என் அண்ணி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு ஜன்னலைச் சாத்துவார், மின்விசிறியை நிறுத்துவார், கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வார். ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் கண்டெய்னர் லாரிகள் பகல் முழுவதும் வரிசையில் நிற்கும். அவற்றின் புகை வீட்டுக்குள் வந்து எல்லாவற்றின் மேலும் கருப்பாகப் படியும். மே மாத வெயிலில், காற்றில்லாத அந்த அறையில், வியர்வை ஒரு சொட்டுகூடத் துணியில் விழாதபடி அவர் தைத்துக்கொண்டிருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்த்தார். நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்தேன். அண்ணிக்குத் தையல் முதலில் பொழுதுபோக்குதான். ரவிக்கை வெட்டி மிஞ்சிய துணியில் தலைமுடிக்கான பூக்களும் பட்டைகளும் செய்து உறவுக்காரப் பெண்களுக்குக் கொடுப்பார். ஒரு முறை பக்கத்து வீட்டுப் பெண்ணின் புதுநன்மைக்கு, அதாவது அவள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாளுக்கு, வலைத்துணியில் முக்காடும் துணிப்பூக் கிரீடமும் கையுறையும் தைத்துக் கொடுத்தார். அதைப் பார்த்து மற்ற தாய்மார்கள் வந்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் எங்கள் பங்குக் கோயிலில் பாதிப் பிள்ளைகள் அண்ணி தைத்ததை அணிந்து நடந்தார்கள். தன் மகளின் புதுநன்மை வரும்போது வரிசை முழுவதும் தன் கைவேலையாக இருக்க வேண்டும், நடுவில் தன் மகள் நடக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. எதற்கும் ஆசைப்பட்டுப் பேசாதவர், இதை மட்டும் என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறார்.

ஆனால் புதுநன்மை ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். மற்ற மாதங்களில் இயந்திரம் சும்மா கிடந்தது. அப்போதுதான் சவப்பெட்டிக் கடைக்காரர் வந்தார். எங்கள் வழக்கத்தில் இறந்தவர்களுக்கு வெள்ளைக் கையுறையும் காலுறையும் போட்டு, லேஸ் வைத்த தலையணையில் தலையைச் சாய்த்துவைப்போம். அதையெல்லாம் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"உயிரோட கீறவங்களுக்குத்தாண்ணா தைக்கிறேன்" என்றார் அண்ணி.

"அவங்கதான்மா பேஜாரு. டைட்டா கீது, லூஸா கீதுன்னு திருப்பிக்கினு வருவாங்க. நம்ம கஸ்டமரு எவனாவது வாயத் தொறப்பானா?"

அண்ணி சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. இரண்டு வேலைகளும் கலந்துவிடக் கூடாது என்பதில் மிகவும் கண்டிப்பாக இருந்தார். தனித்தனிப் பெட்டி, தனித்தனிக் கத்தரிக்கோல், ஊசிகூடத் தனி. லேஸை மட்டும் வண்ணாரப்பேட்டை மொத்தக் கடையில் ஒரே உருளையாக வாங்கினார். ஓரத்தில் சின்னச் சின்ன நட்சத்திரப்பூ ஓடும் லேஸ். அதுவும் இரண்டாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அவர் மகளின் புதுநன்மைக்குச் சில வாரங்கள் இருந்தபோது, ஒரு தாய் தன் பெண்ணுடன் முக்காட்டைப் போட்டுப் பார்க்க வந்தாள். சமீபத்தில்தான் அவளுடைய மாமியார் இறந்திருந்தார். சவப்பெட்டியின் தலைமாட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவள் அவள். பெண்ணின் தலையில் முக்காட்டை வைத்ததும் அவள் கை அப்படியே நின்றது.

"இன்னாக்கா இது? இத்தே பூவுதான எங்க மாமியா தலகாணில இருந்துச்சி? பொணத்துக்கு வச்சதையா எம்பொண்ணுக்கு வச்சிகீறே?"

அது வேறு துணி, லேஸ் மட்டும்தான் ஒன்று என்று அண்ணி சொன்னார். அந்தப் பெண்மணி கேட்கவில்லை. புதுநன்மைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் மறைக்கல்வி வகுப்பின் தாய்மார்களுடைய வாட்சப் குழுவில் அன்று மாலையே செய்தி பரவியது. யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒவ்வொருவராக வந்து, வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, முக்காடு வேண்டாம் என்று கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மகளுக்காக அண்ணி வேறு லேஸ் வாங்கி, முக்காடும் கிரீடமும் கையுறையும் புதிதாகத் தைத்தார். நான் பார்த்ததிலேயே அழகான முக்காடு அதுதான். மகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வேணாம்மா. கூட வர்றவளுங்க என்னை டெட்பாடின்னு கூப்பிடுவாளுங்க" என்றாள். அண்ணன் பாரிமுனைக்குப் போய்க் கடையில் ஒன்று வாங்கி வந்தார். அதில் ஒரு பக்கம் தையல் கோணலாக இருந்தது. புதுநன்மைத் திருப்பலிக்குக் கோயிலுக்குப் புறப்படும் முன் அண்ணியே அதைப் பிரித்து நேராக்கி, மகளின் தலையில் பொருத்திவிட்டார்.

மதியம் வீட்டில் பிரியாணி. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சவப்பெட்டிக் கடைக்காரர் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"காசிமேட்டுல ஒரு பொண்ணும்மா. காய்ச்சல்ல போயிடிச்சி. கடையில எல்லாம் பெரியவங்க அளவுதான் கீது."

"இன்னா ஒசரம்?"

அவர் பந்தியில் உட்கார்ந்திருந்த அண்ணியின் மகளை ஒரு கணம் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணி எழுந்து கை கழுவினார். அலமாரியிலிருந்து, மகள் வேண்டாமென்ற முக்காட்டையும் கிரீடத்தையும் கையுறைகளையும் எடுத்தார். விறைத்த விரல்களில் கையுறையை இழுத்து மாட்ட முடியாது. அதனால் இறந்தவர்களுக்கான கையுறையைப் புறங்கைப் பக்கம் திறந்து தைப்பார்கள். மகளுக்காக மூடித் தைத்ததை அண்ணி கத்தரித்து, ஓரம் மடித்து அடித்தார். எச்சில் இலைகளுக்கு நடுவே இயந்திரத்தின் ஓசையை நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இன்று ராயபுரத்தின் பல சவப்பெட்டிக் கடைகளில் இருப்பவை அண்ணியின் தலையணைகள்தான். தொழில் என்று பார்த்தால் நிலைத்துவிட்டது. புதுநன்மைக்கு அவரிடம் யாரும் வருவதில்லை. அவரும் தைப்பதில்லை.

ஆனால் அந்தப் பெண்ணை அடக்கம் செய்த சில நாட்களில், அவளுடைய தாய் கடைக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். காசிமேட்டில் மீன் விற்பவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அடுத்த வருசம் அவளுக்குப் புதுநன்மைக்கா. அதுக்குன்னே தச்சா மாரி இருந்திச்சி."

"அதுக்குன்னு தச்சதுதாம்மா" என்றார் அண்ணி. "எம்பொண்ணுக்குத் தச்சேன்."

அவள் அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள். "அப்போ உம்பொண்ணு இன்னாத்த போட்டுகினா?"

"கடையில வாங்குனது."

"நல்லா இருந்திச்சா?"

"இருந்திச்சி" என்றார் அண்ணி.