'பிரஸ்' என்று எழுதிய நாற்காலி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பினாங்கு ஜார்ஜ் டவுனில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சலவைக் கடையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமனாருக்குக் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ரயில்வே வேலை. மகளைச் சர்க்கார் சம்பளக்காரனுக்குத்தான் கொடுப்பேன் என்று நின்றவர், மாமியாரின் பிடிவாதத்தால் எனக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் என்னோடு ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்தால் மகளோடு பேசுவார்; என்னைப் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி.

அந்தச் சமயம் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய துரை வருகிறார் என்று ஊரே அமர்க்களப்பட்டது. கடலோரத்துப் பாடாங் திடலில் வரவேற்பு. துரைமார்களின் வெள்ளைக் கோட்டும் காற்சட்டையும் மூட்டை மூட்டையாக எங்கள் கடையில் வந்து குவிந்தன. கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து என் வலது தோள் மரத்தே போய்விட்டது.

வரவேற்பன்று கடை கிடையாது. வேடிக்கை பார்க்க மாமனாரும் பிறையிலிருந்து படகேறி வந்திருந்தார். மனைவி பிள்ளைத்தாய்ச்சி, கூட்டத்துக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் அவரும் நானும் மட்டும் கிளம்பினோம்.

திடலில் நிற்க இடமில்லை. நெருக்கியடித்துக்கொண்டு முன்னால் போனால், மேடைக்குப் பக்கத்தில் ஒரு வரிசை நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டி, ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரிந்த இங்கிலீஷ் எங்கள் கடைப் பலகை மட்டும்தான். அந்த வார்த்தை அதிலும் உண்டு. பிரஸ். துணி தேய்ப்பது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை உடுப்பையும் தேய்த்துக் கொடுத்தவர்களை யாரோ ஒரு நல்ல மனிதர் நினைத்துப் பார்த்திருக்கிறார்!

"வாங்க மாமா, இது எங்க ஆளுங்களுக்குப் போட்ட எடம்" என்றேன்.

"நெசமாவா மாப்ளே?"

"எழுதியே வச்சிருக்காங்க, பாருங்க. பிரஸ்!"

அவர் தோள்துண்டால் நாற்காலியைத் தட்டிவிட்டு, மெதுவாக உட்கார்ந்தார். அப்புறம் ஒரே கேள்விதான். கஞ்சி எப்படிக் காய்ச்சுவீங்க, கரி பொறி தெறிச்சா துணி பொசுங்கிடாதா, மேடையில நிக்கிறாங்களே, அவங்க கோட்டெல்லாம் நீங்க தேச்சதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவ்வளவு பேச்சு அவரிடமிருந்து வருமென்று நான் நினைத்ததே இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் நான் நிஜமாகவே மாப்பிள்ளையாக இருந்தேன்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வந்து, பிரம்பால் அட்டையைத் தட்டி ஏதோ கத்தினார். கூட இருந்த போலீஸ்காரர் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். எனக்கு வாய் குழறியது. "பிரஸ், சார். ஐ பிரஸ்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். புரியவில்லையோ என்று, காற்றில் இஸ்திரி போடுவதுபோல் கையை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினேன். அதிகாரி சிரித்துவிட்டார். பின்வரிசை முழுக்கச் சிரித்தது. கை தானாக நின்றது.

அப்போது என் வயதுக்காரர் ஒருவர், கையில் பென்சிலோடு வந்து அதிகாரியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். போலீஸ்காரர் காலரை விட்டார். தமிழ்ப் பத்திரிகை நிருபராம். எங்களைக் கூட்டம் நிற்கும் இடம்வரை கொண்டுவந்து விட்டார்.

"மனசுல வச்சிக்காதீங்கண்ணே. அந்த நாற்காலி பத்திரிகைக்காரங்களுக்கு. சீமையில அந்தக் காலத்துல திராட்சைய நசுக்கிப் பிழிய ஒரு மரப்பொறி உண்டு. அதையே கொஞ்சம் மாத்தி, காயிதத்த எழுத்துமேல அழுத்தி அச்சடிச்சாங்க. அச்சுக்கூடத்துக்கும் பிரஸ்னு பேரு வந்துச்சு, அப்புறம் பேப்பருக்கு, கடைசியில எங்களுக்கும். எல்லாம் அழுத்துறதுதான். நீங்க வார்த்தையத் தப்பாப் படிக்கலண்ணே" என்றார்.

நல்ல மனிதர். ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

அப்போதுதான் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"எதுக்குய்யா சிரிக்கிறீங்க? மேடையில வெள்ளையும் சள்ளையுமா நிக்கிறாங்களே, அத்தனையும் எங்க மாப்ளே தேச்சது! அவரு கை படலேன்னா அங்க எவனும் கசங்காம நிக்க முடியாது, தெரிஞ்சுக்கங்க!"

மறுபடியும் சிலர் சிரித்தார்கள். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"போதும் மாமா. மானத்த வாங்காதீங்க. வாய மூடிக்கிட்டு வாங்க!"

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. அடிபட்ட முகம். பிறகு என் பின்னால் நடந்து வந்தார். அடுத்த படகிலேயே பிறைக்குத் திரும்பிவிட்டார்.

பேரன் பிறந்தபோது வந்தார்; தூக்கிக் கொஞ்சினார். எனக்கும் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் என் வேலையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், நாக்கு எழாது. அப்படியே அவர் காலமும் முடிந்துவிட்டது.

நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்ட அவமானம் எப்போதோ ஆறிவிட்டது. என் வேலையை ஊரறியப் பெருமையாகச் சொன்ன ஒரே மனிதரை வாயை மூடச் சொன்னேனே, அந்த வெட்கம்தான் இன்னும் என்னைத் தலைநிமிர விடவில்லை.