பூ எழுத்து

இலுப்பூரில் சீயக்காய்த் தூள் அரைத்து விற்ற சொர்ணவல்லி, 1956-இல் பொட்டலத்தில் பெயர் போட அச்சகத்துக்குப் போனார். கல்யாணப் பத்திரிகைக்கான பூ எழுத்தை ஒதுக்கிவிட்டு, தூரத்திலிருந்தே தெரியும் தடித்த கறுப்பு எழுத்தைக் காட்டினார்.

“அது கருமாதிக் கடுதாசிக்குப் போடுறதுங்க, ஆத்தா,” என்றார் அச்சுக்கோப்பவர் நாகராசு.

“எழுத்துக்கு என்னங்க தீட்டு? அடிங்க.”

வாங்கிய பெண்கள் தூளை வாசலிலேயே டப்பாவில் கொட்டிக்கொண்டு, துக்கக் கடிதத்தைப் படித்ததும் கிழிப்பதுபோல் பொட்டலத்தைக் கிழித்தெறிந்தார்கள். வேறு வழியில்லாமல் பூ எழுத்துக்கு மாறினார். கோபம் மட்டும் ஆறவில்லை.

எட்டு வருடம் கழித்து அவருடைய கணவர் பிச்சை இறந்தார். கருமாதிக் கடிதத்தைப் பூ எழுத்தில் அடிக்கச் சொன்னார் சொர்ணவல்லி. அதைக் கிழிக்க ஊரில் யாருக்கும் கை வரவில்லை.