ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு மடவை

என் பேத்தியிடம் எனக்குச் சொந்தமாகப் படகு இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். அவளுக்கு ஆறு வயது, எனக்கு ஐம்பத்தெட்டு. பொய் சொன்னது ஆறு வயதுக்காரி இல்லை.

நடந்தது வீடியோ காலில். அமெரிக்காவில் அவளுக்கு இன்னொரு தாத்தா இருக்கிறார், என் மருமகளின் அப்பா. அவர் வீட்டுக்குப் பின்னால் ஏரி, ஏரியில் படகு, படகில் அவர், பக்கத்தில் இவள். பிடித்த மீனை இவள் கையில் கொடுப்பாராம். இவள் அதற்கு ஒரு முத்தம் கொடுத்துத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவாளாம். டி.வி. ரிமோட்டை மீனாக வைத்துக்கொண்டு நடித்தே காட்டினாள். "உன்கிட்ட என்ன இருக்கு தாத்தா?" என்றாள். என்னிடம் மயிலாப்பூரில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட்டும், நான்கு அலமாரிப் புத்தகங்களும், சர்க்கரை வியாதியும் இருந்தன. "படகு இருக்கு" என்றேன். "மீன் பிடிப்பியா?" "அதுக்குத்தானே படகு."

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. மீன் கடையைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொள்கிற பரம்பரை.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள் என்பது இந்த மாதிரிப் பொய்களுக்கு ஒரு வசதி. இந்தத் தடவை வந்துவிட்டார்கள். மருமகளுக்கு லீவு கிடைக்கவில்லை. மகனும் பேத்தியும் இரண்டு வாரம். முதல் பத்து நாள் அவள் ஏ.சி. அறையில் டேப்லெட்டோடு இருந்தாள். என்னிடம் பேங்க் மேனேஜரிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசினாள். போன தடவை அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாட வீதியில் தேர் காட்டினேன். அந்தப் போட்டோவை எடுத்து நீட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாள். விரல் என் முகத்தின் மேல் இருந்தது.

அடுத்த தடவை அவளுக்கு ஒன்பது வயதாகும். அதற்குள் நான் என்ன ஆவேனோ, யார் கண்டது. அவள் ஞாபகத்தில் என் பங்குக்கு ஒரு நாள் இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஒரே ஒரு நாள்.

பெசன்ட் நகர் கடற்கரையில் காலை நடையின்போது ஒரு மீனவரோடு மழை வருமா, வராதா என்று பல வருஷமாகப் பேசிவந்திருக்கிறேன். அவரிடம் போய் நின்றேன். "கடலு வேணாம் சார், கொயந்தைய வச்சிக்கினு. ஆத்து மொகத்துல ஒரு ரவுண்டு இட்டாறேன். திங்கக்கெயமை ஏயு மணிக்கு வந்துருங்க. ஒம்போதுக்கு மேல தண்ணி எறங்கிடும். ஒண்ணும் கெடைக்காது" என்றார். செவ்வாய் சாயங்காலம் அவர்களுக்கு விமானம்.

என் மனைவி காலண்டரைப் பார்த்தாள். "திங்கட்கிழமை ஏழரைலேர்ந்து ஒன்பது ராகுகாலம். குழந்தையைத் தண்ணிக்கு அழைச்சுண்டு போறேள். ஒன்பதுக்கு மேல படகுல கால் வைங்கோ."

முப்பது வருஷமாக ராகுகாலத்தைக் கேலி செய்துவந்தவன் நான். குழந்தை, தண்ணீர் என்ற இரண்டு வார்த்தையும் சேர்ந்து வந்ததும் சரி என்றுவிட்டேன். இறாலை வீட்டுக்குள் விடமாட்டாள் என்பதால் தூண்டிலுக்கு மைதா மாவு பிசைந்து தந்தாள். பழக்கதோஷத்தில் உப்பும் பெருங்காயமும் போட்டுவிட்டாள்.

ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"இன்னா சார் இது. மீனு உங்களுக்கோசரம் குந்திக்கினு கீதா?" என்றார் மீனவர். ராகுகாலத்தைப் பற்றிச் சொன்னேன். "அதுக்குத் தெரியாதே சார்" என்றார்.

பேத்தி ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "இது உன் படகா தாத்தா?" என்றாள். ஆமாம் என்றேன். மீனவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சாரோடதுதான் பாப்பா. நா சும்மா பாத்துக்கினு கீறேன்" என்றார். நான் அவருக்கு எந்த நன்மையும் செய்தவனில்லை.

மனைவி தயிர்சாதத் தூக்கோடு கரையில் குடை பிடித்து உட்கார்ந்துகொண்டாள். அடையாற்றின் முகத்துவாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னை முழுவதும் கொட்டியது அங்கேதான் வந்து சேர்கிறது. தண்ணீர் கறுப்பாக இருந்தது, இருந்தவரை. இரண்டு இடத்தில் படகு சேற்றில் தட்டி, மீனவர் இறங்கித் தள்ளினார். மகன் ஆபீஸ் மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தான். மாவு தண்ணீரைத் தொட்டதும் கரைந்தது. கடல் நாவல்களாகப் படித்துத் தள்ளியிருக்கிறேன். முள்ளில் மாவு நிற்க என்ன செய்வதென்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

ஒரு மணி நேரம் போயிற்று. அவள் அடம் பிடிக்கவில்லை, சிணுங்கவில்லை. "பரவாயில்ல தாத்தா" என்றாள். என்மேல் பரிதாபப்படுகிறாள் என்று தெரிந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மீனவரின் காலடியில் விடியற்காலையில் பிடித்த மீன்கள் ஐஸ் பெட்டியில் இருந்தன. நான் பெட்டியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "பாப்பா, அதோ பாரு, கொக்கு" என்றார். அவள் திரும்பிய நேரத்தில் ஒரு மடவை மீனை எடுத்து என் முள்ளில் மாட்டித் தண்ணீரில் விட்டார். நான் கூவிக்கொண்டே இழுத்தேன்.

அவள் திரும்பி, முன்பல் விழுந்த வாயைத் திறந்து சிரித்தாள். வந்ததிலிருந்து என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. மீனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஏன் இவ்ளோ ஜில்லுனு இருக்கு?"

"ஆழத்துல குளிரும்மா."

அந்த ஆழத்தில்தான் சற்று முன் மீனவர் முழங்கால் தெரிய நின்று படகைத் தள்ளியிருந்தார்.

அவள் மீனுக்கு முத்தம் கொடுத்தாள். பிறகு குனிந்து, அந்தத் தாத்தா சொல்லிக்கொடுத்த மாதிரியே, மெதுவாகத் தண்ணீரில் விட்டு "பை" என்றாள். இதை நான் யோசிக்கவே இல்லை. ரிமோட்டை வைத்து நடித்துக் காட்டியும் யோசிக்கவில்லை.

மீன் புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டியது. மிதந்துவந்து படகில் இடித்தது. அவள் காத்திருந்தாள். விரலால் லேசாகத் தள்ளிவிட்டாள். திரும்பவும் வந்தது.

"தூங்கறதா தாத்தா?"

"ஆமா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. கையை மிதவைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அப்பாவிடம் அவர்கள் ஊர் இங்கிலீஷில் போகலாமா என்று கேட்டாள். மகன் அப்போதுதான் போனிலிருந்து நிமிர்ந்தான். கரைக்கு வந்ததும் பாட்டியிடம் கை கழுவத் தண்ணீர் கேட்டாள். கழுவிவிட்டு, இன்னொரு தடவை கேட்டாள். தயிர்சாதம் வேண்டாம் என்றுவிட்டாள்.

மறுநாள் விமான நிலையத்தில், கட்டிக்கோ என்று மகன் சொன்னபோது என்னைக் கட்டிக்கொண்டாள். வாசலில் மகனைத் தனியாக இழுத்து, "அந்த மீன் விஷயம் அவ மனசுல தங்கிடாம பாத்துக்கோடா" என்றேன்.

அவன் என் தோளில் கை வைத்தான். நல்ல பிள்ளை, எனக்கு ஆறுதல் சொல்லத்தான் நினைத்தான்.

"கவலையே படாதேப்பா. ஆறு வயசுதானே. இங்க நடந்தது எதுவுமே அவளுக்கு ஞாபகம் இருக்காது."