‘இல்லை’ என்று எழுதிய நோட்டு

என் நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகத் துணி மடிப்பவள். எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். என் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “அண்ணி, இது மடிச்சதா கசக்கினதா?” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. வழக்கமான மருந்துகள் எதுவும் கேட்காமல் போன பிறகு, அதே ஆஸ்பத்திரியில் இரண்டு புது மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சோதனையில் அவளைச் சேர்த்தார்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

“செல்லுக்குள்ள புரதம் சரியா மடிஞ்சாதான் வேலை செய்யும். கேன்சர் செல் அவசரமா வளருது, அதுக்கு மடிக்கிற வேலை ஜாஸ்தி. ஒரு மருந்து ஒழுங்கா மடிக்க விடாது. இன்னொண்ணு, தப்பா மடிஞ்சதை அப்புறப்படுத்த விடாது. குப்பை சேர்ந்து சேர்ந்து செல் செத்துடும்.”

“எங்க செக்‌ஷன்ல ரெண்டு பேர் லீவு போட்டா நடக்கிறதுதான் டாக்டர்” என்றாள் இவள். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று மாதத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியது. ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு என் கணவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதார்.

வீட்டில் எழுத ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். வாந்தி உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, கை கால் மரத்துப்போகிறதா என்று தினமும் எழுத வேண்டும். மரத்துப்போகிறதா என்ற கேள்விக்கு நேரே அவள் ஒருநாள் விடாமல் ‘இல்லை’ என்று எழுதினாள். ஒருநாள் அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்தாள். விரல் சிவந்து கொப்புளம் கிளம்பியது. அவள் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

“சுடலையா உனக்கு?”

“சொல்லிடாதீங்க அண்ணி. சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க.”

நான் சொல்லவில்லை. அவள் பிழைத்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் நோட்டைப் புரட்டிவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னாள். “உங்க குரூப்ல மூணு பேருக்குமே மரத்துப்போகலை. அதை வெச்சுத்தான் அடுத்த குரூப்புக்கு மருந்தோட அளவைக் கூட்டியிருக்கோம்.”

நாங்கள் மறைத்தது எங்களோடு நிற்கும் என்றல்லவா நினைத்திருந்தோம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்த அடுத்த குரூப்பைச் சேர்ந்த பஸ் டிரைவர் ஒருவர் உள்ளே வந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்று வாசலிலேயே கழன்று கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை. வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணே, ஒரு கால்ல செருப்பு இல்லை” என்றாள் என் நாத்தனார்.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்.

“சத்தம் போடாதம்மா. நோட்டுல நான் எழுதலை.”

“இன்னும் பஸ் ஓட்டறீங்களா?”

“பிரேக் எங்க இருக்குன்னு பழகின காலுக்குத் தெரியாதா?”

அவள் எழுந்து நேராக நர்ஸின் மேஜைக்குப் போனாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

“எனக்கு ரெண்டரை மாசமா விரல்ல உணர்ச்சி இல்லை. பொய் எழுதினேன். அந்த அண்ணனுக்குக் காலே மரத்துப்போச்சு. பஸ் ஓட்டிட்டிருக்கார்.”

அன்றே இருவருக்கும் மருந்தை நிறுத்தினார்கள். உணர்ச்சி திரும்பினால், அப்போது குறைந்த அளவில் தருவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார் டாக்டர். டிரைவர் என் நாத்தனாரின் முன்னால் வந்து நின்றார்.

“உன்னை யாரும்மா சொல்லச் சொன்னா? எனக்கும் கட்டி குறைஞ்சுகிட்டுதான் வந்துச்சு.”

வாய் நீளக்காரி வாசலில் கிடந்த அவர் செருப்பை எடுத்துவந்து காலருகே வைத்தாள்.

இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. தினமும் காலையில் அவள் விரல்நுனியைக் கிள்ளிவிட்டு, “தெரியுதா?” என்று கேட்கிறேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டுகிறாள். தெரியுது என்று அவள் பொய் சொல்ல மாட்டாளா என்று என் மனம் தவிக்கிறது. இத்தனைக்குப் பிறகும் அப்படி நினைக்கிறேன்.