அரைத் தட்டுச் சண்டை

"ஏனுங்க டாக்டர், உங்களுக்குக் காது நல்லாத்தானுங்களே கேக்குது?" என்று கிட்டார்காரர் கேட்டபோது அறையில் மூன்று பேர் இருந்தோம். அவர், பேஸ் கிட்டார் வாசிக்கும் அவருடைய சித்தப்பா மகன், ட்ரம்ஸுக்குப் பின்னால் நான். எத்தனை கோபம் வந்தாலும் அவர் என்னிடம் 'ங்க' போடாமல் பேசமாட்டார். கோபம் கூடக்கூட மரியாதையும் கூடும். அன்றைக்கு மரியாதை உச்சத்தில் இருந்தது.

நான் ஆர்.எஸ்.புரத்தில் பல் டாக்டர். சின்னப் பெண்ணாக இருந்தபோது சர்ச் பாடகர் குழுவில் ட்ரம்ஸ் பழகினேன். பிறகு அதை விட முடியவில்லை. ஆனால் நாங்கள் இருப்பது அடுக்குமாடி வீடு. அங்கே வாசித்தால் கீழ்வீட்டுக்காரர் மறுநிமிடம் கதவைத் தட்டுவார். கிட்டார்காரர் குடும்பத்துக்கு அன்னூர்ப் பக்கம் தோட்டம், ஊருக்குள் பம்பு செட்டுக்கு இரும்பு வார்க்கும் பட்டறை. பட்டறை மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. அவருக்கும் எனக்கும் ஒத்துவராது என்று முதல் மாதமே தெரிந்துபோனாலும், என் ட்ரம்ஸ் அந்த அறையில்தான் இருந்தது. வேறு இடம் இல்லை.

சண்டை ஒரு பாட்டைப் பற்றியது. வெளிநாட்டு பேண்ட் ஒன்றின் பழைய ரிக்கார்டிங். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷனுக்கு வாசிக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை அந்தப் பாட்டுதான் வேண்டும் என்று விடாமல் கேட்டார். அது கிட்டார் மட்டும் தனியாக வாசிப்பதில் தொடங்கும். கேட்கிறவர் கால் தானாகத் தட்ட ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் ட்ரம்ஸ் நுழையும். நுழைந்ததும், ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக்கை மிதித்தது மாதிரி எல்லாம் ஒரு குலுக்குக் குலுங்கும்.

"அந்த எடத்துல அரைத் தட்டு சேத்துப்போட்டிருக்கானுங்க" என்பது கிட்டார்காரர் முடிவு. அரைத் தட்டு என்றால், காலால் தட்டும் தாளத்தில் ஒரு தட்டின் பாதி. பாட்டின் நடுவில் ட்ரம்ஸ் நின்று, கிட்டார் மறுபடியும் தனியாக வரும். அங்கேயும் அவருக்குக் குலுங்கியது. அதற்கும் பதில் வைத்திருந்தார். "அங்க அரையை வெட்டிப்போட்டிருக்கானுங்க." லேப்டாப்பில் பாட்டை ஏற்றி, கிட்டாரின் முதல் ஒலியிலிருந்து தட்டுக்கு ஒரு கோடாகப் போட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். ட்ரம்ஸ் அடிகள் எல்லாம் கோடுகளுக்கு நடுவே விழுந்திருந்தன.

ஒரே பாட்டில் ஓர் இடத்தில் சேர்ப்பதும் இன்னோர் இடத்தில் வெட்டுவதும் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வாரம் முழுக்கக் கிளினிக்கில் ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். தொடக்கத்திலிருந்து எண்ணுவதை விட்டுவிட்டேன். கோரஸில் கிட்டாரும் ட்ரம்ஸும் சேர்ந்தே ஓடும். நாலு நாலாக எண்ணினால், அங்கே 'ஒன்று' எது என்பதில் சந்தேகமே இல்லை. பெரிய ட்ரம் 'தும்' என்று விழுகிற இடம். கிட்டாரின் அதே வரி அங்கே எப்போது தொடங்குகிறது என்று கவனித்தேன். ஒன்றில் இல்லை. ஒன்றுக்கு அரைத் தட்டு முன்னால். அந்த எண்ணிக்கையை வாயில் வைத்துக்கொண்டே பாட்டின் தொடக்கத்துக்குப் போனேன். கிட்டார் முந்திக்கொண்டு வந்தது, நான் எண்ணினேன், ட்ரம்ஸ் நுழைந்தது. குலுக்கலே இல்லை. யாரும் எதையும் சேர்க்கவில்லை, வெட்டவும் இல்லை.

ஃபோனில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தபோது இன்னொன்றும் கேட்டது. கிட்டாருக்கு அடியில் மங்கலாக ஒரு 'டொக்'. வாசித்தவர் ஷூக்காலால் தரையைத் தட்டியிருக்கிறார். அதுவும் கிட்டாரின் முதல் ஒலிக்கு அரைத் தட்டு தள்ளியே விழுந்தது.

இதைச் சொன்னதற்குத்தான் என் காதைப் பற்றிய அந்தக் கேள்வி.

"அது ஷூ இல்லீங்க. மைக் சத்தமுங்க" என்றார்.

"மைக் தாளம் தப்பாம இருமுதுங்களா?"

தம்பி சிரித்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்ததும் பேஸின் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"கோட்டை அரைத் தட்டு தள்ளி வச்சுப் பாருங்க. ட்ரம்ஸ் எல்லாம் கோட்டுமேலயே உழும்" என்றேன்.

"பாட்டு எங்க ஆரம்பிக்குதோ அதுதானுங்க ஒண்ணு. ஊரே அப்படித்தான் எண்ணுது. உங்களுக்காக மாத்தோணுங்களா?" லேப்டாப்பை மூடினார். "இது எங்க பட்டறைங்க. இங்க நாங்க போடற கோடுதானுங்க."

ஒத்திகையில் நடு இடம் வரும்போதெல்லாம் இடித்தது. வெட்டப்பட்ட அரையை எண்ணிக்கொண்டே அவர் நுழைவார். ஒரு தடவை சரியாக வருவார், அடுத்த தடவை பிந்துவார். பிந்திய தடவையெல்லாம் பாட்டை நிறுத்தி, "டாக்டர் மறுக்கா அவசரப்பட்டுட்டாங்க" என்பார். என்னிடம் சொல்ல மாட்டார், சுவரைப் பார்த்துச் சொல்வார்.

மண்டபத்தில் தொடக்கம் நன்றாகத்தான் போனது. நடு இடத்தில் நான் நிறுத்தினேன். அவர் பிந்தினார். அவருக்காகக் காத்திருந்து, என் அடியைத் தள்ளிப்போட்டு நுழைந்திருக்க முடியும். கல்யாண வீடு, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஒன்றில் நுழைய வேண்டிய நான் ஒன்றில் நுழைந்தேன். அவர் கிட்டார் ஒரு பக்கம், என் ட்ரம்ஸ் ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு போனது.

அவர் கையைக் கம்பிமேல் வைத்து அமுக்கிவிட்டு மைக்கைப் பிடித்தார். "மன்னிச்சுக்கோணுங்க. ட்ரம்ஸ்ல சின்னத் தப்பு ஆயிப்போச்சு. அவங்க பல் டாக்டருங்க. பல்லுன்னா நல்லாப் பிடுங்குவாங்க."

மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் என்னிடம் பல் கட்டிக்கொண்ட ஒரு பெரியவரும் சிரித்தார். காது மடல் எரிந்தது எனக்கு. எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு குச்சிகளைத் தூக்கி, நாலு எண்ணித் தட்டினேன்.

கிட்டார் வரவில்லை. பேஸ் வந்தது. தம்பி, அண்ணன் பக்கம் திரும்பாமல், அந்த வரியை நாலுக்கும் ஒன்றுக்கும் நடுவிலிருந்து எடுத்தான். நான் நுழைந்தேன். துளி இடறல் இல்லை. பாட வேண்டிய கிட்டார்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதால் மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடைக்குக் கீழே நின்றே கத்திப் பாடினார்கள்.

மேடைக்குப் பின்னால் அவர் தம்பியின் தோளைப் பிடித்தார். "ஏண்டா, நீ எங்கூட வந்தியா, அந்தம்மா கூட வந்தியா?"

"உங்ககூடத்தானுங்ணா. ஆனா பாட்டு அப்படித்தானுங்ணா இருக்குது."

"பாட்டு எப்படி இருந்தா உனக்கென்னடா?"

மறுநாள் நான் கிளினிக்கைத் திறக்கப் போனபோது என் ட்ரம்ஸ் வாசலில் கிடந்தது. கிட்டார்காரர் மினி ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார். மூடக்கூட இல்லை. வீங்கிய கன்னத்தோடு வந்த ஓர் அம்மா பெரிய ட்ரம்மைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். கிட்டார்காரர் என்னை வாட்ஸாப் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டிருந்தார். தம்பியைப் பட்டறை ஆபீஸிலிருந்து அன்னூர்த் தோட்டத்துக்கு மாற்றினார். "தண்ணி பாய்ச்சறேனுங்க்கா. நல்லாத்தான் இருக்குது" என்று ஃபோனில் சொன்னான். பேஸ் எங்கே என்று கேட்டேன். அவன் மழையைப் பற்றிப் பேசினான்.

சில மாதம் கழித்து அவன் ஒரு வீடியோ அனுப்பினான். ஏதோ ஆண்டு விழா மேடை. ட்ரம்ஸுக்குப் பதில் லேப்டாப். அதே பாட்டு. நடு இடம் வந்தது. கிட்டார்காரர் அரைத் தட்டு முன்னால், கச்சிதமாக நுழைந்தார். காலும் சரியான இடத்தில் தட்டியது.

தம்பியைக் கூப்பிட்டேன். "எப்படிரா மாறுனாரு?"

"மாறலீங்க்கா. மொதல்லருந்தே அவரு அப்படித்தான் சொன்னாராமா. டாக்டருக்குத்தான் மண்டையில ஏறலையாமா. பட்டறையில எல்லாருகிட்டயும் சொல்லிட்டிருக்காரு."

வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், எங்காவது பிசகுகிறாரா என்று. பிசகவில்லை. கடைசி வரை தப்பாகவே வாசித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அவருடைய எண்ணை ஃபோனிலிருந்து அழித்துவிட்டு, வெளியே உட்கார்ந்திருந்தவரை உள்ளே வரச் சொன்னேன்.