கஞ்சி போட்ட கிளச்சு

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சம்சாரம். ஒன்று நான். இன்னொன்று, ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் கோழி அடைந்து கிடந்த, வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிள். எழுபதுகளின் கடைசியில் அதை மாட்டுவண்டியில் ஏற்றி வெண்ணந்தூருக்குக் கொண்டுவந்தார். அதற்குச் செய்த சீரில் பாதியை எனக்குச் செய்திருந்தால் நான் மகாராணி மாதிரி இருந்திருப்பேன்.

அவர் வீட்டோடு இரண்டு விசைத்தறி ஓட்டுகிறவர். நான் வாழப்பாடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், அரசாங்கத்துக் கிராம நர்ஸ். பிரசவம் என்று ஆள் வந்தால் பஸ் போகாத குக்கிராமத்துக்கெல்லாம் போக வேண்டும். அதனால் சக்களத்தி என்று திட்டினாலும் அவள் முதுகில் ஏறித்தான் நான் வேலைக்குப் போனேன்.

அந்த வண்டிக்குச் சாமான் எங்கும் கிடைக்காது. சேலத்துப் பழைய இரும்புக் கடைகளில் கேட்டால், "சீமைக்குக் கப்பல் ஏறுங்க" என்று சிரித்தார்கள். அவரே செய்ய ஆரம்பித்தார். அதுவும் ஏனோதானோ என்று இல்லை. அதே வண்டியின் பழைய பத்திரிகைப் படம் ஒன்றைத் தறிக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்துச் செய்வார். என் அம்மா கொடுத்த அலுமினியச் சட்டி ஒருநாள் காணாமல் போனது. தேடினால், பளபளவென்று ஹெட்லைட்டாக முன்னால் உட்கார்ந்திருக்கிறது! டேங்கில் முட்டி படும் இடத்துக்கு லாரி டியூப்பை வெட்டி, காய்ச்சிய கத்தியால் வரி வரியாகக் கோடு போட்டார். கியர் குமிழ் ஒரு பம்பரம். கிளச்சு இருக்கும் பெட்டிக்கு மூடி இல்லை. எண்ணெய் டின்னை வெட்டி, தட்டி, ஈயம் வைத்து ஒரு மூடி செய்து கறுப்பு பெயின்ட் அடித்தார்.

"ஏனுங்க, ஓடினாப் போதாதா? இத்தனை ஜோடனை எதுக்கு?" என்பேன்.

"அசல் மாதிரியே இருக்கோணும் புள்ள."

ராசிபுரம் சந்தையில் யாராவது வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "அத்தனையும் ஒரிஜினலுங்களா?" என்று கேட்டுவிட்டால் மனுஷனுக்கு வாயெல்லாம் பல். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் சட்டியை மன்னித்தேன்.

மாமியாருக்கு மட்டும் வண்டியைக் கண்டால் ஆகாது. மகன் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வீட்டில் தறி நிற்கும். ஒருமுறை வண்டி பாதி வழியில் மக்கர் பண்ணி, மரவள்ளிக் கிழங்கு லாரியில் டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவே உட்கார்ந்து நான் ஊர் வந்து சேர்ந்தேன். தெருவே பார்த்தது. அன்று அத்தை முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இன்னொருக்கா அது நடு ரோட்டுல நின்னுதுன்னா வேலைய எழுதிக் கொடுத்துட்டு ஊட்டுல தார் சுத்து. உன்ற வேலைக்காவ எந் தறி நிக்க முடியாது."

நான் வாயைத் திறப்பதற்குள், "செரிம்மா" என்று தலையாட்டிவிட்டார் என் வீட்டுக்காரர். தலையாட்டி பொம்மை! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்த வேலை எனக்கு உயிர். என் கையில் முதல் அழுகை அழுத பிள்ளைகள் அந்தச் சுற்று வட்டாரம் முழுக்க ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். தறிக்குக் குச்சி குச்சியாக நூல் சுற்றிக் கொடுக்கிற தார் சுத்துவதும் வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. என் வேலை அதுவல்ல.

அந்த நேரம் பார்த்துத்தான் கிளச்சு தேய்ந்தது. இஞ்சின் ஓட்டத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கிற தட்டு அது. வட்ட வட்ட ஓட்டைகளில் கார்க்கு பதித்திருக்கும். ஆஸ்பத்திரியில் தூக்கிப் போடும் மருந்துப் பாட்டில் கார்க்குகளை நான் பொறுக்கிக் கொண்டுவந்தேன். அவர் அவற்றை அறுத்து ஓட்டைகளில் திணித்தார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம் லொடலொடத்தது. நெசவுக்காரர் வீட்டில் எது ஒட்டி நிற்காவிட்டாலும் ஒரே வைத்தியம், ஜவ்வரிசிக் கஞ்சி. பாவு நூலுக்கும் அதுதான், பிள்ளைகளின் புத்தக அட்டைக்கும் அதுதான். கெட்டியாகக் காய்ச்சி, கார்க்குக்குச் சுற்றிலும் தடவி, வடாம் மாதிரி மொட்டை மாடியில் காய வைத்தார். கல்லாக இறுகியது. ஐப்பசி மழை பிடிக்கும்வரை வண்டி பட்டுப் போல ஓடியது.

மழை விட்ட ஒரு மத்தியானம், மலையடிவாரத்துக் குக்கிராமத்திலிருந்து ஒருவர் சைக்கிள் மிதித்து வந்தார். மருமகளுக்குத் தலைப் பிரசவமாம், விடிந்ததிலிருந்து வலியாம். "சீக்கிரம் வாங்க சாமி" என்று கும்பிட்டார். தறி நின்றது. அத்தை வாசல்வரை வந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதும்.

வழியில் ஓர் ஓடை. முட்டிக்குக் கீழேதான் தண்ணீர். புகுந்து கரையேறினோம். ஏற்றம் ஆரம்பித்ததும் இஞ்சின் சிங்கம் போலக் கர்ஜித்தது, சக்கரம் மட்டும் அசைய மாட்டேன் என்றது. அவர் இறங்கி டின் மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து கொழகொழவென்று கஞ்சி வடிந்தது. ஓடைத் தண்ணீர் மூடி வழியாக உள்ளே போய், இஞ்சின் சூட்டில் வெந்து, பதமான கூழாகிவிட்டிருந்தது. கார்க்குகள் அதில் மிதந்தன.

"இதைக் குடிச்சிட்டு இங்கேயே உட்காருங்க!" என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. வேலை போயிற்று, அவ்வளவுதான். ஆனால் மேலே ஒருத்தி துடித்துக்கொண்டிருக்கிறாளே. சேலையைத் தூக்கிச் செருகி, பிரசவச் சாமான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்தேன். வழியெல்லாம் அவரையும், அவர் தறியையும், ஜவ்வரிசிக்கென்று சேலம் ஜில்லாவில் விளைகிற மரவள்ளி அத்தனையையும் திட்டிக்கொண்டே போனேன்.

நல்ல நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிக்கொண்டிருந்தது. விலக்கி எடுத்தேன். கொஞ்ச நேரம் பயமுறுத்திவிட்டு வீல் என்று கத்தியது, பெண் குழந்தை. அந்தச் சத்தத்தில் என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

திரும்பும்போது அந்த வீட்டார் மாட்டுவண்டி கட்டினார்கள். ஓடைப் பக்கம் நின்ற அவரையும் சக்களத்தியையும் வழியில் ஏற்றிக்கொண்டோம். பின்னால் அசல் மாதிரியே மின்னியபடி இன்னும் கஞ்சி சொட்டும் மோட்டார் சைக்கிள், அதைப் பிடித்துக்கொண்டு அவர், முன்னால் சேறு படிந்த நான். எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது வீட்டுக்கு வீடு தலை எட்டிப் பார்த்தது. அத்தை வாசலுக்கு வந்தார். உள்ளே பக்கத்து வீட்டுப் பையனை வைத்து இரண்டு தறியையும் ஓட்டிக்கொண்டிருந்தார். தடதடவென்ற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"கொளந்தை?" என்றார்.

"பொட்டப் புள்ளைங்க அத்தை. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. கொடி சுத்தியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா போயிருக்கும்."

அத்தை விருட்டென்று உள்ளே போனார். ஒரு தறி நின்றது. பேச்சு ஆரம்பிக்கப் போகிறது என்று நினைத்தேன். ராஜினாமாவை எப்படி எழுதுவது என்றுகூட மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது.

அத்தை திரும்பி வந்தபோது கையில் பிக்கர் இருந்தது. தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துத் தள்ளுகிற எருமைத் தோல் கட்டை அது. ஓடிக்கொண்டிருந்த தறியிலிருந்து கழற்றியிருந்தார், எண்ணெய்கூடத் துடைக்கவில்லை. அதை மகன் கையில் வைத்து அழுத்தினார்.

"கஞ்சியாமா கஞ்சி! அறிவு கெட்டவனே, இந்தத் தோலை அறுத்து அதுல அடிடா. தண்ணி பட்டா இன்னும் இறுகும்."

"தறி நிக்குமேம்மா," என்றார் அவர்.

"நிக்கட்டும். தறிய நாளைக்கு ஓட்டிக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "எம் மூத்ததுக்கும் கொடிதான் சுத்தியிருந்துது கண்ணு. அன்னிக்கு ஆரும் வரலே."

என் வீட்டுக்காரர்தான் மூத்தவர் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.