தாமோதர் மணலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

அந்த வருஷ மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் டயரைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு அப்போது பத்து வயது. கல்கத்தாவில், டாலிகஞ்சில் மூன்றாவது மாடி வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை, ஆக நான்கு பேர்.

அத்தை எங்களோடு வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெட்டியும், கற்கள் நிறைந்த ஒரு மரப்பெட்டியுமாக வந்தாள். அவள் கணவரான அத்திம்பேர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் அறையில் இன்னொரு கட்டில் வந்த சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை. அத்தை பாறைகளைப் படித்தவள். ஒரு காலத்தில் சுத்தியலும் பையுமாகக் காடு காடாகத் திரிந்தவளாம். கல்யாணத்துக்கு அப்புறம் அது நின்றுபோனது. எங்களிடம் வந்தபோது சால்ட் லேக்கில் ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்த மலைகளின் வரைபடங்களுக்குக் கணினியில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து அத்தை ஒரு பழைய ஜீப்பை வாங்கினாள். உயரமான வண்டி, ஏறுவதற்கு நான் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தது, டயர்கள் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. என்ன டயர் போடுவது என்ற கேள்வி அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

அப்பா வங்கி அதிகாரி. தண்ணீர் ஃபில்டர் வாங்குவதற்கே மூன்று வாரம் படித்தவர். டயர் என்றதும் கைபேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாலைக்கென்றே செய்த டயர் ஒரு வகை. சாலையிலும் ஓடும், கல்லிலும் சேற்றிலும் ஓடும் என்கிற ஆல் டெரெய்ன் டயர் இன்னொரு வகை. அப்பா இரண்டாவதைக் கடைசிவரை பெயர் சொல்லி அழைக்கவில்லை. காட்டு டயர் என்றுதான் சொல்வார்.

"நீ போறது சால்ட் லேக். வரது டாலிகஞ்ச். நடுவுல லேக் மார்க்கெட்ல இறங்கிக் கறிகாய் வாங்கறே. இதுக்கு எதுக்குக் காட்டு டயர்?"

"போட்டு ஓட்டிப் பாக்காம எப்படிச் சொல்றது அண்ணா?" என்றாள் அத்தை.

மல்லிக் பஜாரில் ஒரு சர்தார்ஜி டயர் கடை வைத்திருந்தார். தாடியெல்லாம் வெள்ளை, விரலெல்லாம் கறுப்பு. இரண்டு டயர்களையும் எங்கள் முன்னால் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, குதிரையைத் தட்டிக் கொடுப்பதுபோல் தட்டினார். சாலை டயரின் கோடுகள் எண்ணெய் வைத்து வாரிய தலைமாதிரி மெல்லியதாக, ஒழுங்காக இருந்தன. மற்றதில் சாக்லேட் பாரில் இருப்பதுபோல் பெரிய பெரிய கட்டிகள்; நடுவே என் விரல் நுழையும் இடைவெளி. சேறு அந்த இடைவெளியில் புகுந்து தானாக வெளியே தெறித்துவிடும் என்றார். முதலாவது தார் ரோட்டில் சத்தமில்லாமல் ஓடும், சேற்றில் நின்றுவிடும்; இரண்டாவது சேற்றில் போகும், தார் ரோட்டில் முனகிக்கொண்டே வரும்; இரண்டு குணமும் முழுசாக ஒன்றிலேயே கிடைக்காது மகளே என்று ஹிந்தியில் சொன்னார். அத்தை கேட்டுக்கொண்டதன் பேரில், ரிம்மில் மாட்டிய பழைய செட் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் எல்லாமே மழைக் கண்ணாடிக்குப் பின்னால் நடந்தவைபோல் இருக்கின்றன. சாயங்காலம் அத்தை அலுவலகத்திலிருந்து வந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு பைபாஸுக்குப் போவாள். என் வேலை கண்ணை மூடிக்கொண்டு கேட்பது. சாலை டயரில் மழைச் சத்தமும் வைப்பர் சத்தமும் மட்டும்தான் வரும். வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்றுகூடத் தெரியாது. ஆல் டெரெய்ன் மாட்டிய வாரம் தரைக்குக் கீழேயிருந்து ஒரு சத்தம் எழுந்தது. வேகம் கூடக் கூட அதன் சுருதியும் ஏறியது. ஏதோ ஒரு பெரிய பிராணி வாயை மூடிக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது. கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். தூக்கத்திலும் அது பாடும். விழித்துப் பார்த்தால் டிராம் தண்டவாளங்கள் ஈரத்தில் பளபளக்கும், டாலிகஞ்ச் வந்திருக்கும்.

சோதனை முடிவுகளை அத்தை ஒளிக்காமல் அப்பாவிடம் சொன்னாள். ஈர ரோட்டில் பிரேக் போட்டால் காட்டு டயர் பாதி வண்டி நீளம் தள்ளிப் போய்த்தான் நிற்கிறது. வளைவில் கொஞ்சம் சோம்பேறித்தனமாகத் திரும்புகிறது. டீசல் அதிகம் குடிக்கிறது. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஜெயித்த முகம்தான். ஆனால் ஜெயித்தவர் மாதிரி அவர் சாப்பிடவில்லை என்பது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

"சரிதான். இன்னும் மண்ணுல பாக்கலையே" என்றாள் அத்தை.

மண்ணுக்காக பர்த்வான் பக்கம் தாமோதர் ஆற்றுக்குப் போனோம். முதல் ஞாயிற்றுக்கிழமை சாலை டயரோடு. வழியெல்லாம் மெத்தையில் போவதுபோல் போனோம். கரையிலிருந்து இறங்கி மணலில் பத்து கஜம் போயிருப்போம், பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. சுற்றச் சுற்ற வண்டி உட்கார்ந்துகொண்டே போனது. அத்தை இறங்கிக் கையால் மணலைத் தோண்டினாள். பிரயோஜனமில்லை. கரையோர வயலிலிருந்து ஆறு பேர் வந்து, சக்கரத்தடியில் பலகையைக் கொடுத்துத் தள்ளிவிட்டார்கள். அவர்களில் வயதான ஒருவர் கையைத் தட்டிக்கொண்டு வங்காள மொழியில் அத்தையிடம் சொன்னார்: "இது டவுன் வண்டி தீதி. இதை டவுன்லயே வெச்சுக்கோங்க."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அத்தையும் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னாள். ஆனால் கல்கத்தா வந்து சேரும்வரை கையில் ஒட்டிய மணலை அவள் துடைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் மட்டும் வரும் வெயில். வானத்தைத் துவைத்துக் காயப்போட்டதுபோல் இருந்தது. ஆல் டெரெய்ன் டயர் வழி முழுவதும் பாடிக்கொண்டு வந்தது. கரைக்கு வந்ததும் அத்தை இறங்கி, நான்கு சக்கரத்திலும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டாள். உஸ்ஸென்ற சத்தம் கேட்டு நானும் இறங்கி ஓடினேன்.

"காத்து போனா எப்படி அத்தை வீட்டுக்குப் போறது?"

"மணல்ல அது கொஞ்சம் தளர்ந்தாத்தான் பரந்து நிக்கும். புதையாது. திரும்பி வந்து அடைச்சுக்கலாம்."

வண்டி மணலில் இறங்கியது. நான் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பத்து கஜம் தாண்டியது. சக்கரம் நின்ற இடத்தில் சுற்றவில்லை. வண்டி படகைப்போல் ஆடி ஆடிப் போனது. தார் ரோட்டில் முனகிக்கொண்டு வந்த டயர் இங்கே சத்தத்தையே விட்டுவிட்டது. இரண்டு பக்கமும் காஷ் பூ, நாணல்மாதிரி உயரமாக, வெள்ளை வெளேரென்று. கதவுகளில் உரசி, ஜன்னலுக்குள் பஞ்சு பஞ்சாகப் பறந்து வந்தது. முன்னால் பாதை தெரியவில்லை. வெள்ளை மட்டும் விலகி வழிவிட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் மேகத்துக்குள் ஓட்டிப் போகிறோம் என்று நான் நினைத்தேன். அத்தையிடம் சொல்லவில்லை, சொன்னால் கீழே இறங்கிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

பிறகு வெள்ளை விலகித் தண்ணீர் தெரிந்தது. தண்ணீருக்கு இருபதடி முன்னால் அத்தை வண்டியை நிறுத்தினாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தாள். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"என்ன அத்தை பண்றே?"

"பல்லுல நறநறன்னா மணல். வழவழன்னு போனா வண்டல்." துப்பிவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "முன்னெல்லாம் தினம் இதான் எனக்கு வேலை."

அப்புறம் அப்படியே மணலில் உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை. கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று நான் ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தேன். அத்தை முகத்தைக் கழுவிக்கொண்டாள். கழுவிய பிறகும் கண் சிவப்பாகவே இருந்ததால், நிறைய மண் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

"நீ சொல்லு" என்றாள் என்னைப் பார்த்து. "எந்த டயர் போடட்டும்?"

பெரியவர்கள் குழந்தைகளிடம் விளையாட்டாகக் கேட்கும் குரலில் அவள் கேட்கவில்லை. அதனால் நானும் யோசித்துத்தான் சொன்னேன்.

"இதுதான் அத்தை. இது இருந்தா நாம ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இங்க வரலாம்."

அத்தை என் தலைமுடியில் ஒட்டியிருந்த காஷ் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். சரி என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவிடம் நான்தான் முதலில் செய்தி சொன்னேன்: காட்டு டயர்தான் போடப் போகிறோம். அப்பா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அத்தையைப் பார்த்தார்.

"முடிவே பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் அண்ணா."

"இங்க உனக்கு என்ன குறைன்னு..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு குறையும் இல்ல அண்ணா. அது உனக்கே தெரியும்."

அம்மா சமையலறையிலிருந்து வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "டயரைப் பத்தித்தானே, விடுங்கோ. அவ ஓட்டற வண்டி" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். டயருக்காக இவ்வளவு பெரிய மனஸ்தாபமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா காபியை ஆறவிட்டுவிட்டார்.

பூஜை முடிந்து பத்து நாளில், ஜார்க்கண்டில் காடும் இரும்புப் பாறையுமாக இருக்கும் ஒரு மாவட்டத்துக்கு அத்தைக்கு மாற்றல் என்று சொன்னார்கள். மாற்றல் என்பது மழை மாதிரி மேலேயிருந்து தானாக வருவது என்று நினைத்திருந்தேன். அதை ஒருவர் கேட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்பதோ, அத்தை கோடையிலேயே விண்ணப்பம் எழுதி அனுப்பத் துணியாமல் வைத்திருந்தாள் என்பதோ, தாமோதருக்குப் போய்வந்த மறுநாள்தான் அதைக் கொடுத்தாள் என்பதோ எனக்குத் தெரியாது. நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தை கிளம்பிய காலையில் அப்பா ஒவ்வொரு சக்கரத்தின் முன்பும் குந்தி உட்கார்ந்து, தானே காற்று அழுத்தம் பார்த்தார். ஒரு தடவை பார்த்தது போதாமல் மறுபடியும் பார்த்தார். அம்மா முன் சீட்டில் சாப்பாட்டு டப்பாவை வைத்தாள். அத்தை என்னைத் தூக்க முயன்று, கனத்துவிட்டாய் என்று இறக்கிவிட்டு, கட்டிக்கொண்டாள். லீவு விட்டதும் வர வேண்டும் என்றாள். வண்டி சந்து முனையில் திரும்பி மறைந்தது. புது டயர்களின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஒரு பஸ் வந்து அதையும் மூடிவிட்டது.

அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். அவரை எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"நான்தாம்ப்பா அந்த டயர் வேணும்னு அத்தைகிட்ட சொன்னேன்" என்றேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். என் தலையில் கையை வைத்தார். கை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது.

"நல்ல டயர்தான்" என்றார்.

இத்தனை நாள் வாதாடியவர் கடைசியில் என்னிடம் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன். பெருமை தாங்காமல் இரண்டிரண்டு படியாகத் தாவி மூன்று மாடியும் ஏறிப்போனேன்.